பாதி ரோடு எங்களுடையது

27 ஜனவரி, செவ்வாய்

அப்பாடா, அறுப்பு மிஷின் வந்துவிட்டது. ஆறு நாளாக ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். "நாளைக்கு வந்துடும்க்கா" என்று அவன் சொன்ன நாளைக்கெல்லாம் சேர்த்தால் சித்திரையே பிறந்துவிடும். கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடக்கிறது. ஒரு மழை பெய்தால் போதும், வயலிலேயே முளைத்துவிடும்.

ஓட்டி வந்தவர் ஆத்தூர்ப் பக்கம். பெயர் பெரியண்ணன். பெயர்தான் பெரியண்ணன், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, ஆளும் கொத்தவரங்காய் வற்றல் மாதிரி. கூட ஓட்டுகிற இன்னொருவர் காய்ச்சல் என்று ஊருக்குப் போய்விட்டாராம், இவர் தனியாகத்தான் வந்திருக்கிறார். வண்டியின் முன்னால் கதிர் அறுக்கிற வாய் இருக்கிறதே, அது மட்டும் எங்கள் வாய்க்கால்கரை ரோட்டில் பாதி அகலத்துக்கு இருக்கிறது. அதை எப்படித்தான் உரசாமல் கொண்டுவந்தாரோ.

மேல வயல் அறுத்தாகிவிட்டது. கீழ வயல் இன்னும் ஐந்தாறு நாள் பொறுக்க வேண்டும். எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

28 ஜனவரி, புதன்

கொள்முதல் நிலையத்தில் கைவிட்டுப் பார்த்ததுமே, "ஈரம் ஜாஸ்தி, காய வச்சு எடுத்துட்டு வாங்க" என்று திருப்பிவிட்டார்கள். எங்கே காயவைப்பது? ஊருக்கு என்று ஒரு நெற்களம் இருக்கிறது. அதில் போன வருஷம் சமுதாயக்கூடம் கட்டப் போகிறோம் என்று சல்லியைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். ஆகவே ரோடு. இந்த ஊரில் எல்லாரும் ரோட்டில்தான் கொட்டுகிறோம். பாதி ரோடு வண்டிக்கு, பாதி ரோடு நெல்லுக்கு. யார் கேட்டாலும், "பாதி எங்களுது" என்றுதான் சொல்வேன்.

எங்களுக்கு வளைவுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. நானும் என் வீட்டுக்காரரும் நெல்லைப் பரப்பி, இடிந்த மோட்டார் கொட்டகையின் சிமெண்டுக் கட்டிகளை ஓரம் முழுக்க வரிசையாக வைத்தோம். வைக்காவிட்டால் போகிறவன் வருகிறவன் எல்லாம் நெல் மேலேயே சக்கரத்தை ஏற்றுவான். நொய்யாய்ப் போன நெல்லை யார் வாங்குவது?

நர்சம்மா ஜெயக்கொடி ஸ்கூட்டரை நிறுத்தியது. நாலு ஊருக்கும் ஊசி, மருந்து, பிள்ளைப்பேறு எல்லாம் அதுதான். என்னை அக்கா என்றுதான் கூப்பிடும். "அக்கா, நெல்லு மேல ஏறாமதான் போறோம். எதிர்ல மிஷின் வந்தா எங்க ஒதுங்கறது? இந்தக் கல்லையாவது எடுங்களேன்" என்றது.

"கல்லை எடுத்தா உன் வண்டிச் சக்கரம்தான் முதல்ல நெல்லுல நிக்கும்" என்றேன்.

சிரித்துவிட்டு, "சக்கரை மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டது. நான் போடுவதில்லை என்று அதற்குத் தெரியும். என் வாயை அடைக்க இந்த ஊரில் அது ஒன்றுக்குத்தான் தெரியும்.

29 ஜனவரி, வியாழன்

நல்ல வெயில். காலால் கிளறிக் கிளறி முட்டி கழன்றுவிட்டது. கீரைத்தண்டுக் குழம்பு.

30 ஜனவரி, வெள்ளி

நர்சம்மா மிஷின் முன்னால் விழுந்துவிட்டது. ஆம்புலன்சில் ஏற்றும்போது கண்ணைத் திறந்தது. மாரியம்மா, தாயே. இன்றைக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை.

31 ஜனவரி, சனி

காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தோள்பட்டை எலும்பு ஒன்று முறிந்திருக்கிறது, நெற்றியில் ஐந்து தையல். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது என்று டாக்டர் சொன்னாராம். கேட்டதும் கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நல்லவேளை, நல்லவேளை என்று எத்தனை தடவை சொன்னேனோ.

நடந்ததை எழுதிவைக்கிறேன். நேற்று பதினோரு மணி இருக்கும். நான் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம். இந்தப் பக்கத்திலிருந்து நர்சம்மாவின் ஸ்கூட்டர். வளைவில் வண்டியைப் பார்த்ததும் அது நெல் பக்கம் ஒதுங்கப் போனது. தடுமாறி விழுந்தது. பெரியண்ணன் வண்டியை வாய்க்கால் பக்கம் ஒடித்து நிறுத்தினார். ஒரு சக்கரம் கரையில் இறங்கி வண்டி சாய்ந்து நின்றது. அந்த இரும்பு வாய்க்கும் நர்சம்மா தலைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. நான் பார்த்தேன். இன்னும் கண்ணை மூடினால் அந்த ஒரு சாண்தான் தெரிகிறது.

நான் ஓடிப்போய் அதன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். இவரை ரோட்டை ஒழுங்குபண்ணச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வரவேண்டும் அல்லவா? அதன் பிறகுதான் ஊரே திரண்டு வந்தது.

1 பிப்ரவரி, ஞாயிறு

நர்சம்மா இட்லி சாப்பிட்டதாம்! கோயிலுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் ஊர் அடங்கவில்லை. பக்கத்து வயல் முருகையன்தான் முன்னால் நின்று மிஷின் சாவியைப் பிடுங்கி வைத்திருக்கிறார். "நம்ம நர்சம்மாவ அடிச்சுப் போட்டுட்டு இவன் பாட்டுக்குப் போயிடுவானா? கண்ணு தெரியாத பய!" என்று கத்தினார். அத்தனை பேரும் பார்த்தது ஒரே காட்சியைத்தானே: வண்டி சாய்ந்து நிற்கிறது, வாய்க்குக் கீழே நர்சம்மா கிடக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போனார். ஸ்கூட்டரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை வந்து பெரியண்ணனிடம் எழுதி வாங்கிக்கொள்வாராம்.

நர்சம்மாவிடம் கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லையாம். சப்-சென்டரில் டீ குடித்தது வரைக்கும்தான் தெரியுமாம். தலையில் அடிபட்டால் அப்படித்தான் ஆகும் என்கிறார்கள்.

அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். வலியெல்லாம் நினைவில் இருக்காது.

2 பிப்ரவரி, திங்கள்

மாடு இரண்டும் ரோட்டோரக் கொட்டகைக்குப் பின்னால் போக மாட்டேன் என்கின்றன. அங்கே இடம் அடைந்து கிடக்கிறது. இவரை வேறு எங்காவது தள்ளி வைக்கச் சொன்னேன். "எதை?" என்று கேட்டார். "எதையோ" என்றேன்.

பெரியண்ணன் வண்டியடியிலேயே கிடக்கிறார். டீக்கடையில் டீ கொடுக்கிறார்களாம், முகம் கொடுப்பதில்லையாம். மத்தியானம் ஒரு தூக்கில் சோறும் மீன் குழம்பும் எடுத்துப்போய்க் கொடுத்தேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும். பசித்தவனுக்குச் சோறு போட யாரைக் கேட்க வேண்டும்?

"நீங்க ஒருத்தர்தாங்க்கா என்னைய மனுஷனா பாக்குறீங்க" என்றார்.

எனக்கு ஏனோ கோபம் வந்துவிட்டது. "சரி சரி, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு" என்று அதட்டிவிட்டு வந்தேன்.

3 பிப்ரவரி, செவ்வாய்

இன்றைக்கும் சோறு கொண்டுபோனேன். பாதி சாப்பிட்டுவிட்டு மூடிவைத்தார்.

"அக்கா, நீங்க அன்னிக்குப் பக்கத்துலதானே இருந்தீங்க? ரோட்டுல ஏதாச்சும் கெடந்துச்சுங்களா?"

"என்ன கிடந்துச்சு?" என்றேன்.

"வரிசையா கல்லு கெடந்த மாதிரி இருந்துச்சுங்க. அந்தம்மா வண்டி அதுல இடிச்சுத்தான் எகிறுச்சுன்னு நெனச்சேன். வண்டி சாஞ்சதுல கதவு சிக்கிக்கிச்சு, ஒதச்சுத் தெறந்துட்டு எறங்கி வந்து பாத்தா கல்லே இல்லீங்க, சுத்தமா இருக்குது ரோடு. அப்ப எனக்கு என்னத்தையோ பாத்த மாதிரி தெரிஞ்சிருக்குது. பதினாலு வருஷமா ஓட்டறேன், இந்த மாதிரி ஆனதில்லீங்க. ரெண்டு நாளா தூரத்துல இருக்கிற மரத்தையெல்லாம் எண்ணி எண்ணிப் பாக்குறேன், கண்ணு சரியா தெரியுதான்னு."

நான் தூக்கை எடுத்துக்கொண்டு நின்றேன்.

"மொதலாளி போன் பண்ணுனார். கவனக்குறைவா ஓட்டிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வண்டிய எடுத்துட்டு வான்னுட்டார். வியாழக்கெழம கையெழுத்துப் போட்டுடறேன். அதுக்கப்பறம் ஸ்டேரிங்கைத் தொட மாட்டேங்க. கண்ணை நம்ப முடியாதவன் கையில இவ்வளவு பெரிய வண்டி எதுக்கு? நாளைக்கு நெசமாவே யாரையாச்சும் கொன்னுட்டா?"

"அதெல்லாம் ஒன்னும் ஆவாது, வெயில்ல உக்காந்தா அப்படித்தான் தோணும்" என்று ஏதோ உளறிவிட்டு வந்தேன். வழியில் தூக்குக் கைதவறி விழுந்து குழம்பெல்லாம் கொட்டிவிட்டது.

4 பிப்ரவரி, புதன்

மேகம் திரண்டு வந்தது. எல்லார் கதிரும் வயலில் நிற்கிறது. மிஷின் சாவியோ முருகையன் வீட்டு ஆணியில் தொங்குகிறது. மூன்று மணிக்கு நாலு தூறல் போட்டுவிட்டு மேகம் கடலைப் பார்த்துப் போய்விட்டது. ஊரே மூச்சுவிட்டது. எனக்கு மட்டும் விட முடியவில்லை.

எழுதிவிடுகிறேன். இது என் டைரிதானே, உரக்கடையில் சும்மா கொடுத்தது.

கல் இருந்தது. நான் வைத்த கல். நர்சம்மா மிஷினுக்கு ஒதுங்க நெல் பக்கம் திரும்பியது, முன்சக்கரம் கல்லில் இடித்தது, எகிறி விழுந்தது. கல் இல்லாவிட்டால் நெல் மேல் ஏறி நின்றிருக்கும், பத்துப் பிடி நெல் வீணாயிருக்கும், நான் நாலு வசவு திட்டியிருப்பேன், அவ்வளவுதான். பெரியண்ணன் மேல் ஒரு பிசகும் இல்லை. அந்த மனுஷன் வண்டியை ஒடிக்காவிட்டால் நர்சம்மா இன்றைக்கு இல்லை. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டே இவரிடம், "கல்லை எடுங்க, கல்லை எடுங்க" என்று சொன்னது இந்த வாய்தான். அதன் ரத்தம் என் சேலையில் ஊறிக்கொண்டிருந்தபோது எனக்குக் கல்தான் ஞாபகம் வந்திருக்கிறது. நான் என்ன பிறவியோ.

இவர் எட்டு நடையில் அத்தனையையும் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார். இன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்து, தட்டைத் தள்ளி வைத்தார். இவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"நீ சொல்லாத வரைக்கும் நானும் சொல்ல மாட்டேன். ஆனா சோறு எறங்கல, தையலு" என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கேஸ் போடுவாங்க. ஊரே காறித் துப்பும். நர்சம்மா மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"இப்ப மட்டும் எப்படி முழிப்பே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி நான் எத்தனை பேரிடம் வாய்கிழியப் பேசியிருக்கிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பிள்ளை மரத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

5 பிப்ரவரி, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சப்-இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வந்தார். வண்டியைச் சுற்றி ஊரே நின்றது. ஏட்டு ஒரு தாளில் எழுதிப் படித்துக் காட்டினார். பெரியண்ணன் சரி என்று தலையாட்டிப் பேனாவை வாங்கினார். எப்படி ஆரம்பிப்பது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். "ஐயா, ஒரு விஷயம்" என்று பணிவாக ஆரம்பிப்பதாகத்தான் திட்டம். அதற்குள் முருகையன், "போடுறா கையெழுத்த, கண்ணு தெரியாத பயலே" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

"அவனுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது! ரோட்டுல கல்லு கிடந்துச்சு. வச்சவ நான். எடுத்தவளும் நான். பேனாவக் கீழ போடு தம்பி!" என்று கத்தினேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாற்றங்காலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம்.

இவர் கூட்டத்திலிருந்து விலகிக் கொட்டகைக்குப் போனார். ஒரு சிமெண்டுக் கட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சப்-இன்ஸ்பெக்டர் காலடியில் வைத்தார். அதில் ஸ்கூட்டர் சக்கரத்தின் கறுப்புக் கீறல் அப்படியே இருந்தது. "இன்னும் இருக்கு, கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, ரோட்டுல கல்லு போட்டது ஒரு குத்தம். எடுத்து மறைச்சது அதைவிடப் பெரிய குத்தம். தெரியுமா?"

"தெரியும்யா. அதான் சொல்றேன். எழுதிக்குங்க."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"பயம்யா. வேற என்ன?"

என் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டார். கேஸ் வரும், கோர்ட்டுக்கு வரவேண்டியிருக்கும் என்றார். வரட்டும். முருகையன் என்னைத் திட்டப் போகிறார் என்று தயாராக நின்றேன். அவரோ வளைவுக்கு அப்பால் பார்த்தார். அங்கே அவருடைய நெல் காய்கிறது, ஓரத்தில் அவருடைய கருங்கற்கள் வரிசையாக இருக்கின்றன. அதற்கப்பால் தலைவர் வீட்டு நெல், அவர்களுடைய பனந்துண்டுகள். ஒவ்வொருவராக அந்தப் பக்கம் பார்த்தார்கள். முருகையன் மடியிலிருந்து சாவியை எடுத்துப் பெரியண்ணன் கையில் வைத்தார். மன்னிப்பு என்றெல்லாம் சொல்லவில்லை. "டீ குடிச்சியா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊரில் அவ்வளவுதான் வரும்.

பெரியண்ணன் அந்தக் கட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கீறலை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "அப்ப நான் பாத்தது கல்லுதானுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"கல்லுதான்யா. கல்லேதான்."

அந்த ஆள் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். என்னைத் திட்ட வேண்டியவர் திட்டவில்லை, அழுகிறாரே என்று இன்னும் அழுகை வந்தது. மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

6 பிப்ரவரி, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்சம்மாவின் வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "உங்களுக்கு நெல்லு பெருசு, என் பொண்டாட்டி தலை சின்னது, அப்படித்தானே?" என்றார். கொண்டுபோன மாதுளம்பழத்தைக்கூடக் கொடுக்காமல் திரும்பிவிட்டோம்.

7 பிப்ரவரி, சனி

ஊர் கூடிக் களத்துச் சல்லியை ஓரமாக ஒதுக்கியது. ஒரு வருஷமாக முடியாதது அரை நாளில் முடிந்துவிட்டது. ரோட்டு நெல்லையெல்லாம் அள்ளிக் களத்தில் கொட்டினோம். கல், கட்டை, முள் எல்லாம் போயிற்று. இந்த ரோடு இவ்வளவு அகலம் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

8 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் எங்கள் கீழ வயலுக்கு மிஷின் வர வேண்டும். எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, சத்தத்தையே காணோம். போய்ப் பார்த்தால் பெரியண்ணன் மேலே உட்கார்ந்திருக்கிறார், வண்டியும் உறுமிக்கொண்டு நிற்கிறது, நகரவில்லை.

"அந்த வளைவு வந்தா அந்தம்மா கெடந்ததே தெரியுதுங்க்கா. அந்தப் பக்கம் என்ன வருதோன்னு காலு பிரேக்கைவிட்டு எடுக்க மாட்டேங்குது."

"அந்தப் பக்கம் என்ன வருதுன்னு நான் பாத்துச் சொல்றேன். நீ என் முதுகைப் பாத்துட்டு வா" என்றேன்.

எங்கள் வீட்டுக் கொடியில் கிடந்த சிவப்புத் துண்டை இவர் ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை இருக்கிறது, முட்டி வேறு கழன்று கிடக்கிறது. அந்த மலை மாதிரி வண்டிக்கு முன்னால் சிவப்புத் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நடக்கிறேன். மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பயல்கள், "அத்தை, எந்தக் கட்சி ஊர்வலம்?" என்று கேட்டான்கள். "ஒதுங்கி நில்லுங்கடா, உசிரோட வீடு போய்ச் சேருங்க" என்றேன். நின்றான்கள். ஒதுங்க இடம் இருந்தது.

வளைவுக்கு நான் போகவும், எதிரே ஒரு ஆட்டோ வரவும் சரியாக இருந்தது. துண்டை உயர்த்தினேன். பின்னால் மிஷின் நின்றது. ஆட்டோவும் ஓரமாக ஒதுங்கி நின்றது. உள்ளே நர்சம்மா, கையைத் தொட்டிலாகக் கட்டியிருந்தது. பக்கத்தில் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார்கள். எனக்குக் கால் வேர் விட்டுவிட்டது.

பெரியண்ணன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து கைகட்டி நின்றார்.

"நீங்கதானா அந்த டிரைவர்?" என்று நர்சம்மா கேட்டது.

"ஆமாங்கம்மா."

"பிரேக் நல்லாப் பிடிக்குதா?"

"பிடிக்குதுங்க."

"எனக்குத் தெரியும். அதனாலதானே உக்காந்து பேசிட்டிருக்கேன்."

அவர் சிரித்தார். பன்னிரண்டு நாளில் அந்த மனுஷனின் பல்லை இன்றைக்குத்தான் பார்த்தேன். ஏறிப்போய் வண்டியைக் கிளப்பினார். ஒரு தடவைகூடத் தயங்கவில்லை, நான் உற்றுப் பார்த்தேன்.

நர்சம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. என்ன கேட்பது? மன்னிப்பு என்று நான் கேட்டு, சரி என்று அது சொல்லி, அதில் என்ன இருக்கிறது? முறிந்தது அதன் எலும்பு. அது கோபப்படுகிற வரைக்கும் படட்டும், அது அதன் உரிமை. ஆட்டோவைத் தாண்டித் துண்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். ஆனாலும் கண்ணெல்லாம் தண்ணீர், ரோடு சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் நடுரோட்டில் நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

பின்னாலிருந்து நர்சம்மாவின் குரல் வந்தது. வெடுக்கென்றுதான் வந்தது.

"நடுவுல நிக்காதீங்கக்கா! மிஷின் வருதுல்ல, ஓரமா நடங்க!"

அக்கா என்றுதான் சொன்னது. மிஷின் சத்தத்திலும் எனக்கு நன்றாகக் கேட்டது. ஓரமாக நடந்தேன்.